கிரிப்ல பேர் கெட்டவனுக்கு எந்த கார்ட்?

மச்சான்,

ஒன் மெசேஜ் கிடைச்சிச்சு, உடனே பதில் போடலன்னு கோவிச்சுக்காத, இந்த விஷயத்த போன்ல சொன்னா பாதிய மறந்துருவ, அதான் ஆறுதலா ஒக்காந்து எழுதுறேன். இங்க ஹட்டன்ல மழை விட்டபாடில்ல, அம்மாவுக்கு முட்டிவலி குளிருக்குக் கூடுதலாயிருச்சு, மத்தபடி நல்லா இருக்காங்க, ஒன்னையும் பிள்ளைகளையும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. தங்கச்சி மகள் ஓ.எல். பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கா. தோட்டத்துல கொழுந்து நல்லா வருதாம், பறிக்கத்தான் ஆள் இல்லையாம்.

சரி ஒன் கேள்விக்கு வாறேன். கிரிப்ல, அதான் கடன் தகவல் பணியகத்துல, பேர் சரியில்ல, டெபாசிட் ஒண்ணும் வைக்காம குடுக்கிற கிரெடிட் கார்ட்ல எது நல்லதுன்னு கேட்டிருந்த. அந்த கடைத்தெருவுல மேசை போட்டு நின்ன பையன் "கிரிப் பார்க்காம எடுத்துத் தாறோம்"னு சொன்னான்னு எழுதியிருந்தியே, அத மட்டும் நம்பாத மச்சான். லைசன்ஸ் இருக்கிற பேங்கும் சரி பைனான்ஸ் கம்பனியும் சரி கிரிப் பார்க்காம கார்ட் குடுக்கிறதில்ல, பார்த்துட்டு குடுக்கலாம், லிமிட்ட கொறைச்சுக் குடுக்கலாம், அது வேற கதை. பார்க்கவே மாட்டோம்னு ஒருத்தன் சொன்னா ஒண்ணு அவன் கமிஷனுக்காக பொய் சொல்றான், இல்லாட்டி அது பேங்க் கார்டே இல்ல, போன் ஆப்ல குடுக்கிற கடன். நம்ம பக்கம் அந்த ஆப் கடன்ல மாட்டினவங்க போன்ல இருக்கிற நம்பருக்கெல்லாம் கோல் வந்து மானம் போச்சு, அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காத. எது லைசன்ஸ் உள்ள கம்பனின்னு இலங்கை மத்திய வங்கி வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கு, பேர தட்டிப் பார்த்தா தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு, கிரிப்னா கறுப்புப் பட்டியல்னு நீயும் நெனச்சுக்கிட்டு இருக்க. அப்படி இல்லடா. 1990ல சட்டம் போட்டு ஆரம்பிச்ச பணியகம் அது, எந்த இடத்துல என்ன கடன் எடுத்த, எப்படிக் கட்டின, யாருக்கு கெரண்டரா, பிணையா சைன் வச்ச, இதெல்லாம் அங்க இருக்கும், அவ்வளவுதான். குடுக்கிறதா வேணாமான்னு முடிவெடுக்கிறது பேங்க். ஒன் பேர் கெட்டது நீ எடுத்த கடனாலயா? சித்தப்பா மகன் ஆட்டோ லீசிங்குக்கு சைன் வச்ச, அவன் தவணைய விட்டான், அது ஒன் ரிப்போர்ட்லயும் ஏறியிருக்கும். அதனால மொதல் வேலையா ரிப்போர்ட்ட எடு, ஒன் சம்பளம் விழுகிற பேங்க் கிளைல ஐடென்டி கார்டோட போய்க் கேளு, சின்னக் கட்டணம் எடுப்பாங்க, பரவால்ல. அவன் கட்டி முடிச்சிட்டேன்னு சொல்றது உண்மையா இருந்து ரிப்போர்ட்ல இன்னும் பாக்கின்னு நின்னா அத திருத்தச் சொல்லலாம், ஆனா கிரிப் தானா மாத்தாது, தகவல் குடுத்த லீசிங் கம்பனிதான் மாத்தணும், அதுனால கட்டி முடிச்ச கடிதத்த அவன்கிட்ட இருந்து இப்பவே வாங்கி வை. இது முடியாம நாலு பேங்க்ல அப்ளிகேஷன் போடாத, ஒவ்வொருத்தரும் ஒன் ரிப்போர்ட்ட பார்த்ததும் அதுலயே பதியும், அடுத்தவன் அதப் பார்த்து இவன் ஏன் இப்படி ஓடுறான்னு யோசிப்பான்.

இப்ப கார்ட ஒப்பிடுறதப் பத்தி. எல்லாரும் லிமிட் எவ்வளவு, எந்தக் கடைல டிஸ்கவுண்ட்னு பார்க்கிறாங்க. நம்மள மாதிரி மாசச் சம்பளத்துல ஓடுறவன் பார்க்க வேண்டியது, ஒரு மாசம் முழுசா கட்ட முடியாமப் போனா அந்த கார்ட் நம்மள என்ன செய்யும்ங்கிறத. 2020ல மத்திய வங்கி கார்ட் வட்டி வருசத்துக்கு 18 வீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வச்சிருந்தாங்க, 2022 நெருக்கடில அத எடுத்துட்டாங்க, வட்டி எங்கயோ ஏறிச்சு, அப்புறம் 2023 ஆகஸ்ட்ல 28க்கு மேல கூடாதுன்னு திரும்ப கட்டளை போட்டாங்க. அந்த 28லயே கணக்குப் பாரு. ஒரு லட்சம் பாக்கி, மாச வட்டி மட்டும் சுமார் 2,333 ரூபா. மாசம் கட்டாயம் கட்ட வேண்டிய மினிமம் 5 வீதம்னா 5,000 கட்டுவ, அதுல அசலுக்குப் போறது 2,667தான். கட்டினதுல பாதிக்கு கிட்ட வட்டியா போயிருச்சு, அதுவும் புதுசா ஒண்ணும் வாங்காம இருந்தா. பிந்தினா லேட் பீ, லிமிட் தாண்டினா அதுக்கொரு பீ, வருசக் கட்டணம், இதெல்லாம் பேங்குக்கு பேங்க் வித்தியாசம், கட்டண அட்டவணைய கேட்டு வாங்கி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. மொத வருசம் ஃப்ரீன்னா ரெண்டாம் வருசம் எவ்வளவுன்னு கேளு.

ஏடிஎம்ல அந்த கார்டால சல்லி எடுக்கவே எடுக்காத. சாமான் வாங்கி, கட்டுற தேதிக்குள்ள முழுசா கட்டினா சில கிழமை வட்டி இல்லாம ஓடும், சல்லி எடுத்தா அன்னைக்கே வட்டி தொடங்கிரும், அதுக்கு மேல பீ வேற. அவசரத்துக்கு சல்லின்னா பேங்க்ல அடகு வைக்கிறதே மேல்டா, 2023ல போட்ட அதே கட்டளைல அடகு வட்டிக்கு 18தான் உச்சம்னு வச்சாங்க. தங்கச்சி நகைய வைக்கிறதுல ஒனக்கு வெட்கம்னு தெரியும், ஆனா 18 எங்க 28 எங்க.

அட்ரஸ் விஷயத்தையும் யோசி. நீ வத்தளைல வாடகைக்கு இருக்க, ஐடென்டில இன்னும் தோட்டத்து அட்ரஸ்தான். அடுத்த தோட்டத்து டீச்சர் ஒருத்தங்களுக்கு ஸ்டேட்மென்ட் லய அட்ரஸுக்கு, அதான் தோட்டத்து லைன் வீட்டு அட்ரஸுக்கு வந்து, தோட்டத்து ஆபீஸ் ஜன்னலோரம் கடிதக் கட்டுல கெடந்து, யாரோ கங்காணி கொண்டு வந்து குடுக்கிறப்ப கட்டுற தேதி தாண்டியிருந்துச்சு, லேட் பீயும் வட்டியும் சேர்ந்து விழுந்திருச்சு. நம்ம சனத்துக்கு ஆளுக்கொரு அட்ரஸ் இல்லாததுக்கு இப்படியும் சல்லி கட்ட வேண்டியிருக்கு, நெனச்சா வயிறு எரியுது. நீ ஈமெயில், எஸ்எம்எஸ் ரெண்டுலயும் ஸ்டேட்மென்ட் வரச் சொல்லிரு.

என்னைக் கேட்டா, இப்போதைக்கு டெபாசிட் வைக்காத கார்ட் ஒனக்கு வேணாம். தீபாவளி முற்பணத்துல மிச்சம் பிடிச்சு ஒரு சின்ன பிக்ஸ்ட் டெபாசிட் போட்டு அதுக்கு எதிரா கார்ட் கேளு, பல பேங்க் குடுக்கிறாங்க, டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். போன் பில்லுக்கு மட்டும் போட்டு மாசாமாசம் முழுசா கட்டு. அப்படி ஓடவிட்டா ரிப்போர்ட்ல நல்ல பதிவுகளும் சேரும், பிறகு ஒண்ணும் வைக்காத கார்ட நீயா கேட்டுப் போகலாம். கட்டாயம் இப்பவே வேணும்னா ஒன் சம்பளம் விழுகிற பேங்க்லயே ஆகக் குறைஞ்ச லிமிட்ல கேளு, மேசை போட்டவன்கிட்ட வேணாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் பிடிச்சு அனுப்பு, வரி வரியா பார்த்துச் சொல்றேன். சித்தப்பா மகன்கிட்ட நீ கேட்க சங்கடப்பட்டா நான் கேக்கிறேன், அவன் ஞாயிறு டவுனுக்கு வருவான்.

ஒன் கூட்டாளி