நம் தொகுதிக்கு மார்ச்சில்தான் தேர்தல்: எட்டாவது தொகுதித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஷாம்பர்க், ஹாஃப்மன் எஸ்டேட்ஸ், எல்ஜின் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். இல்லினாய் மாநிலத்தில் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் உட்கார்ந்து பெயர் சரிபார்க்கும் பணியாளர்களில் நானும் ஒருத்தி. 2024 மார்ச் 19 அன்று பிரைமரி, அதாவது நவம்பர் பொதுத்தேர்தலில் யாரை நிறுத்துவது என்று ஒவ்வொரு கட்சிக்கும் வாக்காளர்களே முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தல். ஒரு நூலகத்தின் கூட்ட அறையில் எங்கள் சாவடி. மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். பெயரும் முகவரியும் சரியாக இருந்தன. அடுத்து சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும்?

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க எந்தக் கட்சியும் இல்லீங்களே" என்றார் கணவர். தமிழிலேயே விளக்கினேன். அந்தப் பெண் பக்கத்து மேசையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கையில் எடுத்து வைத்திருந்த ஓட்டுநர் உரிமத்தைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டார். "பரவாயில்லக்கா, நவம்பர்ல வந்துக்கறோம்." போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் யாருமே இல்லை. அந்தக் காலி இடம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. இந்த மடலும் அதனால்தான்.

நவம்பரில் வருவது நல்லதுதான். ஆனால் நம் தொகுதியில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கான இல்லினாயின் எட்டாவது தொகுதியில், நவம்பருக்குள் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது. 2012 முதல் 2024 வரை நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் இங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளரே வென்றிருக்கிறார். அந்த வேட்பாளர் யார் என்பதை வழக்கமாக மார்ச் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்கிறது. குடியரசுக் கட்சியை விரும்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் கட்சி சார்பில் யார் நிற்க வேண்டும் என்பதும் அதே நாளில்தான் முடிவாகிறது.

நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தியின் கதை நமக்குத் தெரிந்ததுதான். தமிழ்க் குடும்பம், டெல்லியில் பிறப்பு, பியோரியாவில் வளர்ப்பு. ஆனால் அவர் கதையில் பிரைமரி எத்தனை முறை வருகிறது என்று பார்த்திருக்கிறோமா? 2010இல் மாநிலக் கணக்குப் பொறுப்பாளர் (கம்ப்ட்ரோலர்) பதவிக்கு நின்றார். பிரைமரியில் மயிரிழையில் தோற்றார். 2012இல் இதே எட்டாவது தொகுதிக்கு நின்றார். ஈராக் போரில் கால்களை இழந்த டாமி டக்வொர்த் எதிரே நின்றார், பிரைமரியில் பெரிய வித்தியாசத்தில் தோல்வி. 2016இல் டக்வொர்த் மேலவையான செனட்டுக்குப் போட்டியிட்டதால் இந்த இடம் காலியாக, மூன்றாவது முறையாகக் களமிறங்கி, மூன்று பேர் போட்டியில் 57 விழுக்காடு வாங்கினார். அதற்கப்புறம் வந்த நவம்பரைத் தாண்டுவது அவ்வளவு கடினமாக இல்லை. மலை ஏறியதெல்லாம் பிரைமரியில்தான்.

2025 மே மாதம் அவர் செனட்டுக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். அதனால் இந்த இடம் காலியாகிறது. 2026 மார்ச் 17 பிரைமரியில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் மட்டும் அரை டஜனுக்கு மேல் வேட்பாளர்கள். இங்கே இரண்டாம் சுற்று கிடையாது. யாருக்கு அதிக ஓட்டோ அவர் வென்றார், பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. ஓட்டு இத்தனை பேருக்குப் பிரியும்போது ஒரு தெருவில் இருக்கும் குடும்பங்கள்கூடக் கணக்கில் வரும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை, இதே தொகுதியில் நடந்ததுதான். எல்லைகள் அன்று வேறு, எண் இதே எட்டு. 2010 பிப்ரவரியில் நடந்த குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ஆறு பேர் நின்றார்கள். ஜோ வால்ஷ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓட்டை வைத்துக்கொண்டே வென்றார். அந்த நவம்பரில் அப்போதைய ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மெலிசா பீனை 300க்கும் குறைவான ஓட்டில் தோற்கடித்தார். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ஓட்டு விழுந்த தேர்தல் அது. பொங்கல் விழாவுக்கு நாம் வாடகைக்கு எடுக்கும் பள்ளி அரங்கத்தில் உட்காருகிறவர்கள் 300 பேருக்கு மேல் இருப்பார்கள். அதே மெலிசா பீன் இந்த முறை மீண்டும் பிரைமரியில் நிற்கிறார்.

சரி, கட்சி பெயரைச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பதியைத் திருப்பி அனுப்பியது அதுதான்.

இல்லினாயில் வாக்காளராகப் பதியும்போது கட்சி எதுவும் குறிப்பிட வேண்டியதில்லை. பிரைமரி அன்று மட்டும் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதால் நீங்கள் கட்சி உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. அடுத்த பிரைமரியில் வேறு கட்சியின் சீட்டைக் கேட்கலாம். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினீர்கள் என்பது பதிவாகும், அந்தப் பட்டியல் கட்சிக்காரர்கள் கைக்குப் போகும், அடுத்த தேர்தலுக்கு உங்கள் தபால் பெட்டியில் துண்டறிக்கைகள் கொஞ்சம் கூடுதலாக வந்து விழும். ஆனால் யாருக்குப் போட்டீர்கள் என்பது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

ஊரில் கட்சி என்றால் கொடி, கரை வேட்டி, தெருச் சண்டை, சில வீடுகளில் சொந்தத்துக்குள்ளேயே பேச்சு வார்த்தை நின்றுபோவது. அதையெல்லாம் பார்த்து வளர்ந்த நமக்கு, முன்பின் தெரியாதவர் முன்னால் கட்சி பெயரை உச்சரிக்கக் கூச்சமாக இருப்பது எனக்குப் புரிகிறது. முதல் முறை என் குரலும் கம்மித்தான் போனது. எதிரே இருந்த வயதான பெண்மணி தலைகூட நிமிராமல் எழுதிக்கொண்டு சீட்டை நீட்டினார். அவ்வளவுதான், பத்து வினாடி.

அம்மா அப்பா அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். குக் கவுண்ட்டியில் இந்தியர்களுக்கென்று இந்தியில் சீட்டு கிடைக்கிறது. நம் பெரியவர்கள் பலருக்கு அது உதவாது. ஆனால் ஆங்கிலம் வாசிக்க முடியாதவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டமே இடம் தருகிறது. வேலை கொடுத்தவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் துணைக்கு வரக்கூடாது. மகள் வரலாம், பேரன் வரலாம்.

பேரன் என்றதும் நினைவு வருகிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் பதினெட்டு நிறையும் என்றால், இந்த மாநிலத்தில் மார்ச் பிரைமரியிலேயே ஓட்டுப் போடலாம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஓட்டு இருக்கிறது. சொல்லத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். கிரீன் கார்டு, எச்1பி வைத்திருப்பவர்கள் வாக்காளராகப் பதியவே கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்தில் படிவத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பிற்பாடு குடியுரிமை கேட்கும்போது அதுவே காலை வாரிவிடும். ஆனால் உங்களுக்காகப் போடக்கூடிய ஓட்டு உங்கள் அண்ணனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ இருக்கிறது. எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற வரம்பால் நம்மில் எத்தனை பேர் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வரிசையில் நிற்கிறார்கள்! அந்த வரம்பை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. இந்தக் கேள்வியை வேட்பாளர்களிடம் இப்போதே கேளுங்கள். பிரைமரி நேரத்தில் அவர்களே நம் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள்.

பெயரைப் பார்த்து, நம்மவர் என்று ஓட்டுப் போடச் சொல்லவில்லை. நான் எந்தச் சீட்டை வாங்குவேன் என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குச் சரியென்று படுகிறவருக்குப் போடுங்கள், ஆனால் மார்ச்சில் வந்து போடுங்கள்.

மார்ச் 17, செவ்வாய். காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை. 7 மணிக்கு வரிசையில் நின்றிருந்தால் எத்தனை நேரமானாலும் போட்டுவிட்டுத்தான் போவீர்கள். அன்று முடியாது என்றால் முன்கூட்டியே போடும் மையங்கள் இருக்கின்றன, காரணம் சொல்லாமலே தபாலிலும் போடலாம். பதிவு செய்ய மறந்திருந்தாலும் இரண்டு அடையாளச் சான்றுகளோடு வந்து அன்றே பதிந்து அன்றே போடலாம்.

நான் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து என் மேசையில் இருப்பேன். அந்தத் தம்பதி இதைப் படித்தால், மதியம் மூன்று மணிக்கு எங்கள் சாவடியில் கூட்டமே இருக்காது, வாருங்கள். கேள்வியைத் தமிழிலேயே கேட்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
ஷாம்பர்க், இல்லினாய்