இரண்டு பன்னிரண்டு அங்குலப் பெட்டிகள்

வெள்ளவத்தை
கொழும்பு 06

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததைக் கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவள் ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். சின்னவன் படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேஸ் கிட்டாருக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதற்கு, "பேஸ் என்றால் 15 அங்குல ஸ்பீக்கர்தான், வேறு எதையும் வாங்கிக் காசைக் கரியாக்காதே" என்று எழுதியிருந்தாய். அது வந்து சேர முன்னமே நான் சாமானை வாங்கியாயிற்று. இரண்டு 12 அங்குலப் பெட்டி, சத்தத்தைப் பெருக்க 500 வொட் அம்ப் ஒன்று. நீ முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. உன்னைப் போல ஒரு ட்ரம்ஸ்காரனிடம் பேஸைப் பற்றி யோசனை கேட்டால் இப்படித்தான் பதில் வரும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உனக்குப் பதில் சொல்லாமல் விட மனம் இல்லை.

முதலில் கணக்கு. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும், அது பள்ளிக்கூடப் பாடம். 15-ஐ 15-ஆல் பெருக்கு, 225. 12-ஐ 12-ஆல் பெருக்கி அதை இரண்டு மடங்காக்கு, 288. காற்றைத் தள்ளுகிற பரப்பு என்னிடம்தான் கூட. அதோடு, ஸ்பீக்கரின் விட்டத்தை மட்டும் வைத்து அது எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்று சொல்லவே முடியாது. கோனின் (காற்றைத் தள்ளுகிற கூம்பின்) எடை, அதைப் பிடித்திருக்கும் விளிம்பின் இறுக்கம், காந்தத்தின் பலம், பெட்டிக்குள் இருக்கிற காற்றின் அளவு எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. 1961-இல் நெவில் தீல், பிறகு 70களில் ரிச்சர்ட் ஸ்மோல் என்று இரண்டு பேர் அவுஸ்திரேலியாவில் இருந்து இதற்கெல்லாம் ஒழுங்கான கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு முன் பெரும்பாலும் செய்து பார்த்து, காதால் கேட்டு, திரும்ப அறுத்ததுதான். நம்முடைய பழைய பெட்டியை மொரட்டுவைத் தச்சு பாஸ் அடித்துத் தந்தது எந்தக் கணக்கில் என்று யாருக்குத் தெரியும்? பிளைவுட் பலகை எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவு பெரிய பெட்டி.

இனி உன் மனதில் இருக்கிற அந்தப் பெரிய சாமானுக்கு வருவோம். அம்பெக் கம்பனியின் எஸ்.வி.டி. என்கிற பேஸ் அம்பும் அதன் பெட்டியும். உள்ளே பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு, நெஞ்சளவு உயரமான பெட்டி. உலகம் முழுக்கவே அதற்கு 'பிரிட்ஜ்' என்றுதான் பெயர். (இதை மனிசியிடம் சொன்னபோது, "இந்த வீட்டில் பிரிட்ஜ் ஒன்று போதும்" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.) நான் அதைக் குறை சொல்லமாட்டேன். 1969-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கொண்டுபோன அம்ப் அது. ஆனால் இதைக் கேள். நாலு கம்பி பேஸின் தடித்த கம்பி, விரல் வைக்காமல் திறந்து மீட்டுகிற ஈ சுரம், 41 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 41 அதிர்வு. அம்பெக் கம்பனி தானே கொடுக்கிற விவரத்தின்படி அந்தப் பெட்டி 58 ஹேர்ட்ஸிலேயே சத்தத்தின் அளவில் 3 டெசிபல் இறங்கிவிடுகிறது. 40-க்கு வரும்போது 10 டெசிபல் போய்விடும். அதாவது, நெஞ்சுக்கூட்டை அதிர வைக்கிறது என்று நாம் வாய் பிளந்த அந்தச் சத்தத்தில் 41 ஹேர்ட்ஸ் கொஞ்சம்தான். கூட வருவது அதன் இரட்டிப்பான 82-உம் அதற்கு மேலே உள்ளவையும். அடியில் இல்லாததைக் காதும் மூளையும் தாங்களே நிரப்பிக்கொள்ளும். சின்னவன் போனில் இளையராஜா பாட்டுப் போடுகிறான், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 41-உம் இல்லை 82-உம் இல்லை. பேஸ் என்ன வாசிக்கிறது என்று எனக்கு ஒரு சுரம் தவறாமல் கேட்கிறது.

அப்படியானால் ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்? நான் யோசித்துப் பார்த்தது இதுதான். அந்தக் காலத்தில் வொட் விலை கூடின சாமான். எஸ்.வி.டி.யில் 300 வொட் எடுக்க 14 வால்வும், தூக்கினால் முதுகு போகிற டிரான்ஸ்போமர்களும் வேண்டியிருந்தன. அவ்வளவு பாடுபட்டு எடுத்த வொட்டை வீணாக்காமல் சத்தமாக்க வேண்டும் என்றால் பெட்டி பெரிதாகத்தான் இருக்க வேண்டும். ஹொஃப்மன் என்பவரின் விதி ஒன்று இருக்கிறது: சின்னப் பெட்டி, ஆழமான சுரம், குறைந்த வொட்டில் கூடிய சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் சின்னப் பெட்டியை விட்டுக்கொடுத்தார்கள். இன்றைக்கு கிளாஸ் டி என்கிற எடை குறைந்த வகை அம்ப் 500 வொட் தருகிறது, என்னுடையது மூன்று கிலோ கூட இல்லை, பேஸ் பையின் முன் பக்கெட்டுக்குள் போகிறது. வொட் மலிந்துவிட்டதால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க எனக்குக் கஷ்டம் இல்லை. காந்தமும் எடை குறைந்த நியோடைமியம் வகை, பெட்டி ஒன்று 14 கிலோ. அந்தப் பிரிட்ஜ் 60 கிலோவுக்கு மேலே, மச்சான். நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் எந்த நாள் வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வொட்டை நம்பி ஏமாறாதே என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நான் சொல்வதுண்டு. வொட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலத் தெரிய வேண்டும் என்றால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வொட் வேண்டும். என்னுடைய அம்ப் ஒரு 8 ஓம் (மின்தடை அளவு) பெட்டிக்கு 300 வொட்டும், இரண்டு பெட்டியைச் சமாந்தரமாகக் கொழுவினால் 4 ஓமுக்கு 500-உம் கொடுக்கும். வொட்டில் கூடின அந்த இருநூறு பெரிதாகத் தெரியாது. இரண்டாவது பெட்டியைப் பக்கத்தில் வைத்ததும்தான் சத்தமே மாறுகிறது. வாங்குகிறவன் 8 ஓம் பெட்டியாகப் பார்த்து வாங்கினால், பிறகு இன்னொன்று சேர்க்க இடம் இருக்கும். முதலே 4 ஓம் பெட்டி வாங்கினால் அம்ப் அத்தோடு நிறைந்துவிடும்.

கடைக்குப் போன கதையையும் சொல்கிறேன். விலையைக் கேட்காதே. 2022-இல் டொலர் 200-இலிருந்து 360-க்குப் பாய்ந்த பிறகு இசைக்கருவி விலை என்று எதுவும் மனதில் நிற்பதில்லை. பிறகு கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, ஆனால் 2024 தொடக்கம் வற் வரி 18 வீதம். அம்பும் ஒரு பெட்டியும் நாலு இலட்சத்தைத் தொட்டது. கடைப் பொடியன் நல்லவன், நான் என் பேஸைக் கொண்டுபோனதைப் பார்த்ததும் மரியாதை கூடிவிட்டது. கடையில் தொங்குகிற பேஸில் பெட்டியைச் சோதித்துப் பிரயோசனம் இல்லை. பேஸ், டிரெபிள் எல்லாத் திருகையும் நடுவில் வைத்துவிட்டு, மெதுவாக ஒவ்வொரு பிரெட்டாக (கழுத்தில் உள்ள கட்டைகளாக) ஏறிப் போனேன். ஈ கம்பி முழுக்க, பிறகு ஏ. எந்தச் சுரமாவது பக்கத்துச் சுரத்தை விடத் துள்ளுகிறதா, எதாவது செத்துப்போகிறதா என்று கேட்க வேறு வழி எனக்குத் தெரியாது. திறந்த ஏயில், 55 ஹேர்ட்ஸ், பின்னால் இருந்த கண்ணாடி அலமாரி உறுமத் தொடங்கியது. உள்ளே இருந்த ஹார்மோனிகாப் பெட்டிகள் ஒவ்வொன்றாய் நகர்ந்து விளிம்புக்கு வருகின்றன, பொடியன் ஓடிப்போய்க் கையை வைத்துப் பிடிக்கிறான். அது அலமாரியின் குணம், ஸ்பீக்கரின் குணம் இல்லை என்று பிரித்துக் கேட்க வேண்டும். 41 ஹேர்ட்ஸின் அலை நீளம் எட்டு மீற்றருக்கு மேல், அந்தக் கடையின் நீளமே அவ்வளவு வராது. ஆகவே கடையில் கேட்ட அடிச்சுரத்தை நான் நம்பவே இல்லை, நடுச்சுரத்தை மட்டும்தான் கேட்டேன்.

மஞ்சள் கோன் போட்ட இத்தாலிக்கார மார்க்பாஸையும் வாசித்தேன், அலுமினியக் கோன் போட்ட ஹாட்கேயையும் வாசித்தேன். ஹாட்கேயில் விரல் பட்ட சத்தம் பளிச்சென்று வரும், தட்டி வாசிக்கிற பிள்ளைகளுக்கு நல்லது. எனக்கு வயதாகிவிட்டது.

இரண்டாவது பெட்டி, அதே மொடல், பாவித்தது. தெஹிவளையில் ஒரு தம்பி, சேர்ச்சில் வாசிக்கிறவன், படிக்க அவுஸ்திரேலியா போகிறான். இப்போது கொழும்பில் நல்ல சாமான் பாதி விலைக்கு வருவதெல்லாம் இப்படித்தான், ஆள் விமானம் ஏறுகிறான் என்றால் அம்ப் விலைக்கு வருகிறது. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. கோனை விரலால் மெல்ல அமத்திப் பார்த்தேன், உரசல் இல்லை. அம்பையும் பெட்டியையும் இணைக்கிற ஸ்பீக்கொன் கேபிளை அவன் சும்மாவே தந்தான். ஓட்டோவில் பின்சீட்டில் பெட்டி, நான் அதற்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு, காலி வீதி நெரிசலில் வந்து சேர்ந்தோம்.

உன்னுடைய பழைய அம்பை அனுப்புவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் ராசா. அது கனடாவின் 120 வோல்ட், இங்கே 230. இறக்குகிற டிரான்ஸ்போமர் வாங்கி அதையும் காவிக்கொண்டு திரிய வேண்டும். ஒரு நாள் யாராவது தெரியாமல் நேரே சுவரில் செருகினால் கதை முடிந்தது.

வீட்டில் ஒரு பெட்டியை மட்டும் வைத்து வாசிக்கிறேன். ஈ கம்பியில் மூன்றாம் பிரெட், ஜி, 49 ஹேர்ட்ஸ், அதைத் தொட்டால் குசினியில் பாத்திரத் தட்டு முழுக்க ஒத்து ஊதுகிறது. அதற்கு முன்பின் பிரெட்டில் ஒன்றும் இல்லை. மேல் வீட்டு அம்மா வயலின் படிப்பிக்கிறவர். ஒரு நாள் படியில் கண்டு, "நீங்கள் ஜியில் நிற்கும்போது எனக்குத் தெரியும்" என்றார், கோபமாகச் சொன்னாரா தெரியவில்லை. பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, அடியில் தடித்த பஞ்சு மெத்தைத் துண்டு ஒன்று வைத்த பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வரவேற்புக்கு இரண்டு பெட்டியையும் கொண்டுபோனேன். மண்டபம் வழக்கம் போலத்தான், வழுவழுப்பான தரை, வெறும் சுவர், உள்ளே வெற்றாய் இருக்கிற பலகை மேடை. அங்கே அடிச்சுரம் எல்லாம் ஒன்றாய்க் குழம்பி ஒரு இரைச்சலாகத்தான் நிற்கும். நான் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று நிறுத்தி, கீழே அந்த மெத்தைத் துண்டைப் போட்டேன். மேல் ஸ்பீக்கர் காதுக்குக் கிட்ட வந்துவிட்டது. பிறகு அடிச்சுரத்தைக் குறைத்து, 400-க்கும் 800 ஹேர்ட்ஸுக்கும் இடையில் உள்ளதைக் கூட்டினேன். தனியாக வாசித்தால் மூக்கால் கதைப்பது போலக் கேட்கிறது, வெட்கமாகக் கூட இருந்தது. ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் அந்த மூக்குச் சத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கிறது. சவுண்ட்காரர் அம்பின் பின்னாலிருந்து வயர் இழுத்துத் தன் மிக்ஸருக்கு எடுத்துக்கொண்டார். மண்டபத்துக்கு எவ்வளவு அடிச்சுரம் போக வேண்டும் என்பது அவருடைய பாடு. என் பெட்டி எனக்கும் ட்ரம்ஸுக்கும்தான்.

கடைசியில் பைலா ஆட்டப் பாட்டுகள் தொடங்கின. உனக்குத் தெரியும், அந்த ஆறெட்டுத் தாளத்தில் ட்ரம்ஸின் கிக்கும் பேஸும் மயிரிழை பிசகினாலும் ஆடுகிற சனத்தின் கால் சிக்கும். உன் இடத்தில் இப்போது வாசிக்கிற பொடியனுக்கு வயது 23. இடைவேளையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணை, நீங்க வாசிக்கிற நோட் இண்டைக்குத்தான் எனக்கு விளங்குது" என்றான். 15 அங்குலப் பெட்டியில் இந்த நடுச்சுரம் நேரே முன்னால்தான் போகும், பக்கத்தில் இருக்கிற ட்ரம்ஸ்காரனுக்கு வெறும் உறுமல்தான் வந்து சேரும். அதைத்தான் நீ இத்தனை வருஷமும் பேஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சென்னையில் ரஹ்மானுக்கு வாசிக்கிற கீத் பீட்டர்ஸைக் கேட்டுப் பார். அடிச்சுரம் இருக்கும், ஆனால் உன் காது பின்தொடர்ந்து போவது அதற்கு மேலே உள்ளதைத்தான்.

எதிர்வாதம் இருந்தால் எழுது. "வெளி மைதானத்தில் என்ன செய்வாய்?" என்று கேட்பாய். திருவிழா மேடையில் எப்படியும் பெரிய சவுண்ட் செட் இருக்கும், அங்கே பிரிட்ஜ் வைத்தாலும் எடுப்புக்குத்தான். சரி, எடுப்பும் தேவைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு சின்னப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது படம் எடுத்தால் ஆள் மெலிந்து தெரிகிறான்.

மார்கழியில் வரும்போது அம்ப் ஒன்றும் வேண்டாம், கம்பி கொண்டு வா. கடற்காற்றில் இங்கே சாதாரணக் கம்பி சீக்கிரமே துருப்பிடித்து விரலைக் கறுப்பாக்குகிறது. பிளாட்வூண்ட் என்கிற வழுவழுப்பான கம்பி ஒரு செட் போட்டால் வருஷக் கணக்கில் நிற்கும், மேல் வீட்டு அம்மாவுக்கும் சுகம். 34 அங்குல ஸ்கேல், நாலு கம்பி, தடிப்பு 45 தொடக்கம் 105 வரை. ரொறன்ரோவில் லோங் அண்ட் மக்குவேட் இசைக்கருவிக் கடையில் கேட்டுப் பார். காசை உன் தங்கையிடம் கொடுத்து வைக்கிறேன். சூட்கேசில் போடும்போது உறையோடு தட்டையாய் வை, மடித்துவிடாதே.

அன்புடன்,
உன் பேஸ்காரன்