நீல மாத்திரையும் மெலனோமாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். 'ஆண்மைக் குறைவு மாத்திரையால் தோல் புற்றுநோய்' என்று சென்ற ஞாயிறு இணைப்பில் கொட்டை எழுத்தில் போட்டாலும் போட்டீர்கள், கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, "அண்ணாச்சி, இது நெசமா?" என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

செய்தி முழுப் பொய் இல்லை. அமெரிக்காவில் சுமார் 26 ஆயிரம் ஆண்களைப் பத்தாண்டுகள் கவனித்து 2014இல் வந்த ஆய்வில், சில்டெனாஃபில் (வயாக்ரா என்கிற அந்த நீல மாத்திரை) சாப்பிட்டவர்களுக்கு மெலனோமா என்ற கடுமையான தோல் புற்றுநோய் 84 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. உங்கள் கட்டுரை அதோடு நின்றுவிட்டது. மறு வருஷமே ஸ்வீடனில் 4,000க்கும் மேற்பட்ட மெலனோமா நோயாளிகளின் மருந்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே வித்தியாசம் 21 சதவீதம்தான். அதுவும் ஒரே ஒரு தடவை சீட்டுக் காட்டி வாங்கியவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. திரும்பத் திரும்ப வாங்கியவர்களிடம் அப்படி இல்லை. மாத்திரைதான் காரணம் என்றால், அதிகம் விழுங்கினவனுக்கல்லவா அதிகம் வந்திருக்க வேண்டும்? அந்த ஊரில் இதை வாங்குகிறவர்களில் வசதியும் படிப்பும் உள்ளவர்கள் அதிகம். வெயில் காய விடுமுறை போவதும், மச்சம் லேசாக மாறினாலே டாக்டரிடம் ஓடுவதும் அவர்களால்தான் முடியும்; அதனாலேயே இந்த நோய் அவர்களிடம் அதிகமாகத் தெரியலாம். மாத்திரைதான் காரணம் என்று சொல்ல முடியாது என ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள்.

தவிர, இரண்டுமே பெரும்பாலும் வெள்ளைத்தோல்காரர்களிடம் நடந்த ஆய்வுகள். நம்மவர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தாலும் உள்ளங்கால், நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது. அங்கே புதிதாகக் கறுப்புப் புள்ளி வளர்ந்தால், மாத்திரை போடுகிறவரோ இல்லையோ, தோல் டாக்டரிடம் காட்டுவதுதான் சரி.

என் கோபம் வேறு. தோல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், சட்டைப்பையிலிருந்து உங்கள் கட்டுரையை எடுத்தபோது கூடவே ஒரு சார்பிட்ரேட் அட்டையும் வந்து விழுந்தது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள் அதை வைத்தால் பி.பி. மளமளவென்று இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும். அதே வகை மாத்திரையான டடலாஃபில் என்றால் 48 மணி நேரம். அவர் புற்றுநோயைப் பற்றித்தான் கேட்டார். இதைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார், உங்கள் அரைப்பக்கக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

அப்புறம், பயந்துபோனவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு டாக்டரிடமா போவார்கள்? லோக்கல் ரயில் பெட்டியில் 'குப்த ரோக்' (ரகசிய நோய்) என்று விளம்பரம் ஒட்டியிருக்கிற வைத்தியரிடம் போவார்கள். மூலிகை என்று விற்கப்பட்ட சரக்குகளில் இதே சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருந்ததாக அமெரிக்க மருந்துத் துறை எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறது. அளவும் தெரியாது, பெயரும் தெரியாது. சுகரோ இதய ரத்தக்குழாய் அடைப்போ சில சமயம் இந்த ஆண்மைக் குறைவாகத்தான் முதலில் தலைகாட்டும் என்பதை அந்த வைத்தியர் சொல்லப்போவதும் இல்லை.

சார்பிட்ரேட் விஷயத்தை அதே கொட்டை எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
தாராவி, மும்பை