மரங்களின் பருவத்துக்கு ஏற்ற மாணவர் ஆய்வு நிதி வேண்டும்: வனத்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த முனைந்திருக்கிறது. நடப்படுபவை இம்மண்ணின் மரங்களாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. அம்மரங்களின் விதை எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கள ஆய்வின் வழி பதிவுசெய்யக் கல்லூரி மாணவர்களுக்குத் தனி நிதி ஒதுக்குமாறு, தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் வேண்டுகிறேன்.

மரக்காணத்துக்குத் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்தும், புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களிலும், பெரும்பாலும் கோயில்காடுகளாக எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளை எண்ணிப் பாருங்கள். நாற்றங்கால்களில் வேம்பும் புங்கனும் கிடைப்பதுபோல், அக்காடுகளுக்கே உரிய பாலை, வீரை, காசா ஆகிய மரங்கள் எளிதில் கிடைப்பதில்லை. விதை சேகரிப்பவர் சரியான வாரத்தில் அங்கே இருந்தாக வேண்டும் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எல்லோரும் அறிந்த நாவலின் விதையைக்கூடக் காயவைத்துச் சேமிக்க முடியாது. பழம் உதிர்ந்த சில வாரங்களுக்குள் மண்ணில் இடாவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும்.

இந்த வேலைக்கு மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அவர்களில் பலர் அந்தக் காடுகளை அடுத்த ஊர்களிலிருந்தே படிக்க வருகிறார்கள். ஆனால் முதுகலை ஆய்வேடு பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடுகிறது. பாலை பழுப்பது கோடையில். நாவல் உதிர்வது ஆனி, ஆடி மாதங்களில். மரம் விதை தரும்போது மாணவர் தேர்வெழுதி முடித்து வீட்டில் இருக்கிறார், அல்லது படிப்பையே முடித்துவிடுகிறார். ஆகவே நிதியின் தொகையைவிட அதன் கால அளவே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஒரே காட்டைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் வகையில், தனி மாணவருக்கு அல்லாமல் கல்லூரித் துறைக்கு நிதி வழங்கப்பட்டு, ஓர் அணி விட்ட இடத்திலிருந்து அடுத்த அணி தொடர வேண்டும். (2018இல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும், அதைப் பதிவுசெய்யப்போகிறவர்களில் பலர் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள்.)

செலவு பெரிதல்ல. பேருந்துக் கட்டணம், கோடை விடுமுறையில் தங்கும் செலவு, மாதிரிகளைப் பதப்படுத்தும் தாள்கள், ஊரில் மரங்களை அறிந்து காட்டும் ஆடு மேய்ப்பவருக்கோ மருத்துவச்சிக்கோ ஒரு நாள் கூலி ஆகியவையே தேவை. கடைசியாகச் சொன்னது திட்ட மதிப்பீடுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. அறிவைப் பெற்றுக்கொண்டு நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருவது முறையாகாது.

திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகம்) கே. எம். மேத்யூ அடிகளார் உருவாக்கி, 1980களில் வெளிவந்த தமிழகக் கர்நாட்டிக் பகுதியின் (கர்நாடக மாநிலம் அல்ல) தாவரங்களை விவரிக்கும் நூல் தொகுதிகள், ஒரு கல்லூரி இத்துறையில் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்குச் சான்று. இன்றைய மாணவர்களின் மாதிரிகளும் அங்கேயோ, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலோ சேர்க்கப்பட வேண்டும்; அவர்களின் குறிப்புகள் அந்தந்த ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கும் போய்ச்சேர வேண்டும்.

ஒரு கட்டுப்பாடும் தேவை. 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டிக் கோயில்காடு ஐந்து ஹெக்டேருக்கும் குறைவானது. இத்தகைய இடங்களில் விதையை அள்ளிக்கொண்டு வருவது காட்டுக்கே கேடாகும் என்பதால், ஊர் மக்களின் ஒப்புதலும் சேகரிப்புக்கு ஓர் உச்ச வரம்பும் நிதியின் நிபந்தனைகளாக இருக்கட்டும்.

அடுத்த கோடையின் பழப் பருவம் தவறாதிருக்க, இதற்கான அறிவிப்பு ஜனவரிக்குள் வெளிவந்து, முதல் தவணை மார்ச் மாதத்துக்குள் கல்லூரிகளுக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்