வடக்குக்கு போறதுக்கு முன்னாடி காணிப் பேப்பரை குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மண்சரிவுக்கு பயந்து வடக்குல போய் குடியேறலாமான்னு இப்ப மலையகத் தேயிலைத் தோட்டங்கள்ல நெறைய பேர் கதைக்கிறாங்க. போகட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா 1977, 1983 கலவரத்துக்கு பிறகும் நம்ம சனம் இப்படித்தான் உடுத்த துணியோட வவுனியா, கிளிநொச்சிக்கு போச்சு, காட்டை வெட்டி குடிசை போட்டுச்சு, அதுல எத்தனையோ குடும்பம் காணிக்கு பெர்மிட் இல்லாமலே வருஷக்கணக்கா கிடந்துச்சு, பெர்மிட் இல்லன்னா வீட்டுத்திட்டத்துல பேர் வராது, பேங்க்ல லோனும் எடுக்க ஏலாது. கிளிநொச்சி இரணைமடு குளத்துத் தண்ணி பாயிற வயலும் நம்மாளுக்கு பெருசா கிடைக்கல, மேட்டுக்காணியும் கூலி வேலையும்தான்.

எங்க சொந்தத்துல ஒரு பிள்ளையை அங்க ஸ்கூல்ல சேர்க்கப் போனா ஜிஎஸ் (கிராம சேவகர்) கடிதம் கேட்டாங்க, ஜிஎஸ்கிட்ட போனா வோட்டர் லிஸ்ட்ல பேர் இல்லன்னாரு, பாவம் அந்த தவணை முழுக்க பிள்ளை வீட்டுலயே இருந்துச்சு. கர்ப்பிணித்தாய்மாருக்கும் கிளினிக் கொப்பியை அங்க மாத்தி, குடும்பநல மாதுகிட்ட பதிஞ்சு குடுக்க ஒரு ஆள் வேணும். வவுனியா பக்கம் கிட்னி வருத்தமும் இருக்கு, அதனால கிணத்துத் தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டுத்தான் சனத்தை குடியேத்தணும்.

நம்ம எம்பிமார் இதையெல்லாம் பேச்சுல விடாம எழுத்துல வாங்கித் தரணும், காணிப் பேப்பர்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரும் இருக்கணும்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர்