விருதுப் பட்டியலில் விடுபடும் கண்ணாடி

ஆசிரியருக்கு,

நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, கேம்பிரிட்ஜைத் தொட்டு, 2007ஆம் ஆண்டின் பத்மபூஷணோடு முடிந்துவிடுகின்றன. அவர் சொன்னதைப் பிறர் சோதித்தார்களா, இன்று யாருக்குப் பயன்படுகிறது என்பதையும் எழுதுங்கள்.

கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டால், இல்லாத கையின் விரல்களில் தொடுவதுபோல் அவர் உணர்வதை ராமச்சந்திரன் 1992இல் வெளியிட்டார். மூளையின் தொடு உணர்வுப் பகுதியில் முகத்துக்கும் கைக்கும் அடுத்தடுத்த இடங்கள். அதை வைத்தே காரணம் சொன்னார். அடுத்து வந்தது கண்ணாடிப் பெட்டி. இருக்கும் கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைத்தால், இல்லாத கை அசைவதாகத் தோன்றும். சிலருக்கு, இல்லாத அந்தக் கையில் உணர்ந்த வலியும் தணிந்தது.

இதை 2007இல் அமெரிக்காவில் வேறொரு குழு, காலிழந்தவர்களிடம் சோதித்தது. தினமும் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடியில் பார்த்துப் பயின்ற ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியைப் பார்த்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒப்பீடு சரியானது. பக்கவாதத்தில் கை விளங்காதவர்களுக்கும் இப்போது இம்முறை உண்டு.

ஆட்டிசத்துக்குக் 'கண்ணாடி நரம்பணுக்களின்' (நாம் ஒன்றைச் செய்யும்போதும், பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் மூளை அணுக்கள்) பழுதே காரணம் என்ற அவருடைய கருத்தைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. இதையும் சேர்த்து எழுதுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

நீரிழிவால் காலிழந்தவர்கள் சிங்கப்பூரில் குறைவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் ஆளுயரக் கண்ணாடி போதும். கால்களை நீட்டி உட்கார்ந்து, இரண்டுக்கும் நடுவே கண்ணாடியை நீளவாக்கில் நிறுத்த வேண்டும். வெட்டுண்ட கால் முழுவதும் பின்னால் மறைய வேண்டும். சற்றே தெரிந்தாலும் மூளை ஏமாறாது. காலுறை, கொலுசு எதுவும் வேண்டாம். பாதத்தை மெல்ல மடக்கி நீட்டும்போது, இல்லாத பாதமும் கூடவே அசைவதாக நினைக்க வேண்டும். வேகம் கூடினால் பிம்பமும் உணர்வும் ஒட்டாது. கண்ணாடி சாய்ந்திருந்தால் கால் கோணலாகத் தெரியும், வலி கூடலாம்.

முழுக்காலைத் திடீரென்று கண்டு கலங்குபவர்களும் உண்டு. அந்த 2007 ஆய்விலேயே இருவர் சிறிது நேரம் துயரத்தில் தவித்தார்கள். அதனால் முதல் சில முறை இயன்முறை சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கட்டும். வலி கூடினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்,
தோ பாயோ