உரிமை முடிந்த தட்டுகளை ஊருக்கு விடுங்கள்

பழைய தமிழ்ப் பாடல்களின் ஒலிப்பதிவுகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றைச் செயலிகளிலும் காணொளித் தளங்களிலும் ஓடவிடும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உலக யுத்தம் முடிந்த 1945இல் தொடங்கி ஏறக்குறைய 1955 வரை வெளிவந்த, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகளைப் பற்றியது இந்த மடல். சட்டப்படி உங்கள் கையை விட்டுப் போய்விட்ட ஒலிப்பதிவுகளுக்கு உரிமை கொண்டாடுவதை நிறுத்துங்கள். அவற்றில் பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர் யார் என்று உங்கள் பழைய பதிவேடுகளில் இருப்பதை வெளியே வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். திரைப்படத்துக்கும் அதே கணக்குதான். 1947இல் வெளியான தட்டின் உரிமை 2007 டிசம்பரோடு முடிந்தது. 1955இல் வந்ததன் உரிமை 2015 டிசம்பரோடு. இது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் வீட்டில் இருக்கும் தட்டைச் சுழலவிட்டு, அதிலிருந்து எடுத்த ஒலியை இணையத்தில் ஏற்றினால், காபி ஆறுவதற்குள் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கிறது. எனக்கும் வந்தது. கோரியவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒருவர் இருவர் செய்கிற வேலை இல்லை இது. ஆட்சேபம் எழுதினேன். பரிசீலித்தோம், கோரிக்கை நீடிக்கிறது என்று இரண்டு வரியில் பதில். எந்த ஆண்டு வெளியான தட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரைச்சல் நீக்கி நீங்கள் மெருகேற்றிய பதிப்புக்குத் தனி உரிமை உண்டா என்று வாதாடலாம். வாதாடுங்கள். நான் ஏற்றியது என் தட்டிலிருந்து நானே எடுத்தது, கரகரப்போடு.

அது பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’. டி.கே. பட்டம்மாள் பாடியது. தட்டின் வெளி ஓரத்தில் அரை அங்குலத்துக்குப் பள்ளங்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. இரும்பு ஊசியை மாற்றாமல் திரும்பத் திரும்ப அங்கேயே வைத்திருக்கிறார்கள். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் கீறல்கள். தட்டைப் பார்க்காமலே கையால் தடவித் துளையைத் தேடிப் பொருத்திய பழக்கத்தின் அடையாளம் அது. ஊசி இறங்கியதும் முதலில் இரைச்சல்தான். அந்தச் சாம்பல் வட்டத்தைத் தாண்டிய பிறகுதான் பட்டம்மாளின் குரல் துலங்குகிறது. ஒரு பாட்டு ‘ஹிட்’ ஆனதற்கு வசூல் கணக்கைவிட இந்தத் தேய்மானத்தைத்தான் நான் நம்புவேன்.

இந்தப் பாட்டின் கதையே உங்களுக்கு எழுதத் தூண்டியது. இது இடம்பெற்ற ‘நாம் இருவர்’ படம் 1947 ஜனவரியில், பொங்கலை ஒட்டி வந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று பாரதி எழுதி அதற்குள் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆர். சுதர்சனம் இசையில் பட்டம்மாள் பாட, திரையில் குமாரி கமலா ஆடினார். கச்சேரி மேடையில் பெரிய பெயர் எடுத்திருந்த ஒருவர் சினிமாவுக்குப் பின்னணி பாடியதும், அதுவும் பாரதியைப் பாடியதும் அன்றைக்குச் சாதாரணச் சங்கதி இல்லை.

அந்தச் சமயத்தில் பாரதியின் பாடல்களைத் தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை, அந்தப் படத்தை எடுத்த ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. அவர் அதை ஒரு நகை வணிகரிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தார். பாரதி உயிரோடு இருந்தபோது பாட்டுக்குக் காசு கொடுக்க ஆளில்லை. அவர் போன பிறகு அதே பாட்டுகள் கைமாறி விற்பனையாகும் சரக்காகிவிட்டன. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் ‘தூண்டிற் புழுவினைப்போல்’ பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை தன்னிடம் என்று மெய்யப்பன் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். அவர் செய்ததில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. பணம் கொடுத்து வாங்கியவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கொதித்தார்கள். பாரதியை நாட்டுடைமை ஆக்கு என்ற குரல் வலுத்தது.

1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியின்போது சென்னை அரசு உரிமையை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பன் தம் பங்கு உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார். பாரதியின் குடும்பத்தாருக்கு அரசு தொகை கொடுத்தது. ஓர் எழுத்தாளரின் படைப்புகளை அரசே வாங்கிப் பிறகு மக்களுக்கு விட்டது இந்த நாட்டில் அதற்கு முன் நடந்ததில்லை. விட்டிருக்காவிட்டால் என்ன? பாரதி மறைந்தது 1921. அன்றைய சட்டத்தில் ஆசிரியர் காலத்துக்குப் பின் 50 ஆண்டுகள். 1971 முடியும்வரை எல்லாரும் கை கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

விட்டதால் என்ன நடந்தது என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். இரண்டே ஆண்டில், 1951இல், என்.எஸ். கிருஷ்ணன் எடுத்த ‘மணமகள்’ வந்தது. அதில் பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’யை இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் காபி ராகத்தில் தொடங்கிப் பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையாக்க, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். பாரதி நினைத்த மெட்டு அது இல்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இருக்கட்டும். இன்றைக்கும் கச்சேரியின் பிற்பகுதியில் இந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு வருகிறதே, அந்தச் சீட்டில் கேட்பது சுப்பராமனின் மெட்டைத்தான். இன்னொருவர் கையில் உரிமை இருந்திருந்தால் கிருஷ்ணன் இந்தப் பாட்டைத் தொட முன்பணம் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வாங்கியிருக்க வேண்டும்.

நீங்கள் மெய்யப்பன் அளவுக்குக் கூடப் பெருந்தன்மை காட்ட வேண்டியதில்லை. அவர் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். உங்களிடம் இல்லாததை விடச் சொல்கிறேன்.

எல்லாமே இலவசம் என்று நான் வாதாடவில்லை. ஒலிப்பதிவு வேறு, பாட்டு வேறு. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உண்டு. ‘மீரா’வில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதியது. அவர் 1954இல் மறைந்தார், வரிகளின் உரிமை 2014ஓடு முடிந்தது. ஆனால் எஸ்.வி. வெங்கட்ராமனின் மெட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ‘ஹரிதாஸ்’ படத்தின் ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ எழுதிய பாபநாசம் சிவன் 1973 வரை இருந்தார். அவர் வரிகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. சிவனுக்குச் சேர வேண்டியது சேரட்டும். அதைக் கணக்குப் பார்த்து வாங்கி உரியவர்களிடம் கொடுக்கிறீர்கள் என்றால் நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். சிவனின் வரிக்கு இருக்கும் உரிமையைக் காட்டி, காலம் முடிந்த தட்டின் ஒலியையும் பிடித்து வைத்துக்கொள்வதைத்தான் சகிக்க முடியவில்லை.

‘ஹரிதாஸ்’ என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. படம் வந்தது 1944 தீபாவளிக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள், படத்தில் பாடி நடித்த தியாகராஜ பாகவதர், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். படமோ பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளி கண்டது. பாடியவர் சிறையில், பாட்டு வெளியே. 1947இல் அவர் விடுதலையாகி வந்தபோது கேட்பவர்களின் காதே மாறத் தொடங்கியிருந்தது. சொந்தக் குரலில் பாடி நடிப்பவர்களின் காலம் போய், நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்ற காலம் வந்துகொண்டிருந்தது. 1950இல் டி.எம். சௌந்தரராஜன் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் தொடங்கியபோது அவர் குரலில் பாகவதர் சாயல் அப்படியே இருந்தது. இந்த மாற்றத்தைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட நான்கு தட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்டால் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். ஆண்டு போட்டிருந்தால்தானே வரிசை வைக்க முடியும்! உங்கள் செயலிகளில் 1945இல் வந்த பாட்டின் கீழ் நீங்கள் ஏற்றிய ஆண்டு நிற்கிறது.

பெயர் விஷயம் இதைவிட மோசம். பின்னணிப் பாடகர் பெயரைப் போடும் வழக்கம் அப்போது உறுதிப்படவில்லை. இந்தியில் 1949இல் ‘மஹல்’ வந்தபோது, லதா மங்கேஷ்கரைப் பிரபலமாக்கிய பாட்டின் தட்டில் பாடியவர் ‘காமினி’ என்று இருந்தது. காமினி என்பது படத்தில் மதுபாலாவின் பாத்திரப் பெயர். பாடியது யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. தமிழில் 1945இன் ‘ஸ்ரீ வள்ளி’யில் கதாநாயகி ருக்மிணி பாடியது சரியாக அமையவில்லை என்று பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார்கள். இந்தக் கதை தெரியாத ஒருவர் முகத்தைப் பார்த்துப் பெயரைப் போட்டுவிட்டுப் போவார். போட்டிருக்கிறார்கள். 1953இன் ‘தேவதாஸ்’ சுப்பராமனின் இசை. அவர் 1952இலேயே, முப்பது வயதுகூட ஆகாமல், காலமாகிவிட்டார். பாக்கி வேலையை அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்தார்கள். அந்தப் படத்தின் பாடல்களை ஒரே பெயரின் கீழ் அடைப்பது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராகி, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனபோது, நம் ஊர்க்காரர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். அங்கே எஸ்.பி. மயில்வாகனம் போன்றவர்கள் ஒரு பாட்டை விடுவதற்கு முன் படம் எது, பாடுவது யார் என்று சொல்லிவிட்டுத்தான் விட்டார்கள். கடல் தாண்டி அலையடித்து வந்த அந்த ஒலியில் கிடைத்த விவரம், கையில் கண்ணாடித் திரை வைத்திருக்கும் என் மருமகளுக்கு இன்று கிடைக்கவில்லை. அவளுக்குக் கிடைப்பது ஒரு நடிகரின் படமும் ‘பழைய பாடல்’ என்ற அடையாளமும்.

ஒலியைப் பற்றியும் கொஞ்சம். பழைய தட்டின் பள்ளம் அகலம். அதற்கு மூன்று மில் ஊசி வேண்டும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிற்காலத்து நீள இசைத்தட்டான எல்.பி.க்கு உரிய ஒரு மில் ஊசியை வைத்தால் அது அடியில் கிடக்கும் அழுக்கைக் கிளறிக்கொண்டு போகும். பிறகு அந்த இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளை ஏவிவிட, தம்புராவும் வயலின் நாணின் கூர்மையும் சேர்ந்தே போய்விடுகின்றன. மேலே எதிரொலி ஏற்றி இடது வலது என்று பிரித்தும் விடுகிறார்கள். மூன்றே கால் நிமிடத்துக்குள் ஒரு பாட்டை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் ஜி. ராமநாதன் போன்ற இசையமைப்பாளர்கள் எவ்வளவு கச்சிதமாக இசைக்கருவிகளை அடுக்கினார்கள் என்பது அந்தக் குகைச் சத்தத்தில் தெரியாது. மெருகேற்றிய பதிப்பை விற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தில் எதையும் தொடாத ஒரு பதிப்பையும் வையுங்கள்.

ஆக, நான்கு காரியம். வெளியான ஆண்டு 1955 அல்லது அதற்கு முன் என்று தெரிந்த தமிழ் ஒலிப்பதிவுகளை, இந்தியாவைப் பொறுத்தவரை, தானியங்கி உரிமைக் கோரிக்கைப் பட்டியலிலிருந்து எடுங்கள். அமெரிக்காவில் 2018இல் செய்த சட்டம் 1947 முதல் 1956 வரை வெளியான பதிவுகளுக்கு 110 ஆண்டு கொடுக்கிறது. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். வரிக்கும் மெட்டுக்கும் உரிமை பாக்கி இருந்தால் அதை மட்டும், யாருடையது என்று பெயர் சொல்லிக் கோருங்கள். தட்டு எண், ஒலிப்பதிவுக்கு இட்ட மேட்ரிக்ஸ் எண், பதிவான தேதி, பாடியவர் பெயர் கொண்ட பழைய பதிவேடுகளையும் விற்பனைப் பட்டியல்களையும் படமெடுத்து ஏதாவது ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். செயலியில் தவறான பெயரைத் திருத்த ஒரு வழி வையுங்கள்; அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆளையும் வையுங்கள்.

கடைசிக் காரியத்துக்குச் செலவு அதிகம் ஆகும் என்பீர்கள். சேகரிப்பாளர்கள் சம்பளம் இல்லாமலே செய்து கொடுப்பார்கள். எங்களில் பலர் அலமாரியையும் பாட்டுப் புத்தகக் கட்டுகளையும் வைத்துக்கொண்டு யாராவது கேட்கமாட்டார்களா என்று உட்கார்ந்திருக்கிறோம். என்னிடம் இருக்கும் தட்டுகளின் லேபிள்களைப் படமெடுத்து, ஆண்டும் எண்ணும் குறித்து வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
78 சுற்றுத் தட்டுகள் சேகரிக்கும் ஒருவன்